தோல் வாஷரும் டயானாவும்: மதுரைப் பக்கம் பழைய ஏர்கன் சேகரிப்பு

மதுரைப் பக்கம் விலைக்கு வரும் பழைய ஏர்கன்களில் (காற்றழுத்தத்தால் சிறு ஈய ரவையைச் சுடும் துப்பாக்கிகள்) பெரும்பாலானவை "ஓடாது" என்ற பேரோடுதான் கைமாறுகின்றன. மடக்கினால் மடங்கும், விசையை இழுத்தால் சத்தமும் வரும். ரவை மட்டும் நாலடியில் விழும். ஸ்பிரிங் போய்விட்டது என்று விற்பவர் சொல்வார். வாங்கியவரும் அதை நம்பி, இருந்ததைவிடக் கனமான ஸ்பிரிங்கைத் திணித்துவிடுவார். ஒரு மாதத்தில் கட்டை (துப்பாக்கியின் பிடிமரம்) பிளக்கும், விசைக்கட்டை தேயும், ரவை அப்போதும் பத்தடிக்கு மேல் போகாது. பிஸ்டன் முனையில் இருக்கும் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். காற்று முன்னால் போகாமல் வாஷரின் ஓரமாகப் பின்னால் கசிந்துகொண்டிருக்கும்.

பழைய ஏர்கன்னைத் திருத்துவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வாஷர், அடுத்து குழல் மூடும் இடத்து அடைப்பு, பிறகு கீலும் திருகுகளும், கடைசியில்தான் ஸ்பிரிங். இந்த வரிசையை மாற்றினால் காசும் போகும், துப்பாக்கியும் கெடும். செய்கிற எந்த மாற்றத்தையும் பின்னால் ஒருவர் கழற்றிவிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியவேண்டும் என்பதும் முக்கியம். அறுபது எழுபது வருடம் தாங்கிய பொருளை ஒரு மதிய நேரத்தில் துளைபோட்டு நிக்கல் பூசி நாசமாக்கியிருப்பதை இந்தப் பக்கத்தில் நிறையவே பார்க்கலாம்.

எங்கிருந்து வருகின்றன

தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சி முதல் கிராமத்துக் கோயில் கொடை வரை பலூன் சுடும் கடை இல்லாத திருவிழா அரிது. அந்தக் கடைகளில் ஓய்வு பெற்றவை ஒரு வகை. ஒரே இரவில் நூற்றுக்கணக்கான தடவை மடக்கி மூடப்பட்டவை என்பதால் இவற்றில் கீல் ஆணி தேய்ந்திருக்கும், குழலின் பின்வாய் அகன்றிருக்கும், கட்டையில் கயிறோ கம்பியோ சுற்றியிருக்கும். காட்சிக்கு வைக்க இவை ஆகா. உதிரிப் பாகத்துக்கு நல்லவை.

இரண்டாவது வகை காரைக்குடி வழி வருவது. முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீட்டுச் சாமான்களோடு எப்போதாவது பிரிட்டிஷ் தயாரிப்பான ஒரு வெப்ளி கைத்துப்பாக்கியோ, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பி.எஸ்.ஏ.வோ தலைகாட்டும். அதிகம் சுடப்படாமல் பெட்டியில் கிடந்திருக்கும் என்பதால் உலோகம் நன்றாக இருக்கும், தோல் மட்டும் கல்லாகியிருக்கும். மூன்றாவது, கொடைக்கானல், போடி, மேகமலைத் தோட்டங்களில் குரங்கையும் கிளியையும் விரட்ட வைத்திருந்தவை. மலை ஈரத்தால் இவற்றின் சிலிண்டருக்குள் துரு குழி விழுந்திருக்கும். வாங்குமுன் குழலை மடக்கி, காற்று வரும் சிறு துளையில் காதுகுடையும் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்துப் பார்க்கவேண்டும். செம்பழுப்பு தூள் ஒட்டினால் பாதி விலை பேசலாம்.

அடையாளம் காண்பது

அதிகம் கிடைப்பது டயானா. ஜெர்மனியின் ராஸ்டாட் நகரத்து மேயர் அண்ட் கிராமெல்ஸ்பாஹர் நிறுவனம் 1890இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் இயந்திரங்களும் டயானா என்ற பெயரும் பிரிட்டனில், ஸ்காட்லாந்திலிருந்த மில்ப்ரோ நிறுவனத்துக்குப் போயின. ஜெர்மானியர்கள் 1950 வாக்கில் மறுபடி தயாரிப்பைத் தொடங்கியபோது பிரிட்டனில் தங்கள் சரக்கை 'ஒரிஜினல்' என்ற பெயரில்தான் விற்க முடிந்தது. மில்ப்ரோ 1982இல் மூடப்பட்ட பிறகே பெயர் திரும்பக் கிடைத்தது. அதனால் டயானா என்று பொறித்திருந்தாலும் 'மேட் இன் கிரேட் பிரிட்டன்' என்று இருந்தால் அது ஸ்காட்லாந்துச் சரக்கு. தகடு மெலிது, விலையும் அதற்கேற்றபடி குறைவு. ஜெர்மன் டயானாவில் சிலிண்டரின் பின்பகுதியில், கட்டையை ஒட்டி, தயாரித்த மாதமும் வருடமும் சிறிய எண்களாக அடித்திருக்கும். '05 71' என்றால் 1971 மே. பழுப்பு அழுக்கில் இது மறைந்திருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துப் பார்ப்பது போதும், எமரித்தாள் வேண்டாம்.

பி.எஸ்.ஏ.வில் மூன்று துப்பாக்கிகள் கூம்பாகச் சாய்த்து வைத்த முத்திரை இருக்கும். பர்மிங்காமில் 1905 முதல் வந்த, குழலுக்குக் கீழே உள்ள நெம்புகோலால் ஏற்றும் வகை பி.எஸ்.ஏ.க்களில் துளை அளவை (குழலின் உள்விட்டத்தை) சொல்ல எண் உண்டு: 1 என்றால் 0.177 அங்குலம், 2 என்றால் 0.22, 3 என்றால் 0.25. 1959இல் வந்த மீட்டியர் என்ற பி.எஸ்.ஏ. மாடலில் தொடர் எண்ணுக்கு முன் 'என்' எழுத்து இருந்தால் 0.177, 'டி' இருந்தால் 0.22. இந்த எண்ணும் எழுத்தும் நம் ஊரில் வெறும் சேகரிப்புத் தகவல் ஆகிவிடாது. உரிமம் தேவையா இல்லையா என்பதையே தீர்மானிப்பவை.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி துளை 4.5 மி.மீ.யைத் (0.177 அங்குலம்) தாண்டினாலோ, ரவை வெளியேறும் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். 0.22 பி.எஸ்.ஏ. எவ்வளவு பலவீனமாகச் சுட்டாலும் உரிமத்துக்குள் வந்துவிடும். தாத்தா காலத்துப் பொருள் என்பதும், பரணில் கிடந்தது என்பதும் விலக்குக்குக் காரணமாகா. வாங்குமுன் 4.5 மி.மீ. ரவை ஒன்றைக் குழலின் பின்வாயில் வைத்துப் பார்ப்பது எளிய சோதனை. விரலால் அழுத்தினால் இறுகி உட்கார்ந்தால் அது 0.177. தடையில்லாமல் வழுக்கிக் குழலுக்குள் ஓடினால் 0.177ஐவிடப் பெரிய துளை, பெரும்பாலும் 0.22. அப்படிப்பட்டதை விலை பேசாமல் வைத்துவிட்டு, உரிமம் வழங்கும் அலுவலகத்தில் கேட்டபிறகு முடிவு செய்யவேண்டும்.

இந்தியத் தயாரிப்புகளில் ஐ.எச்.பி. என்ற நிறுவனத்தின் பெயரில் வந்த நேஷனல் வரிசை இப்போது சேகரிப்புப் பொருளாகிவருகிறது. இதை மலிவுச் சரக்கு என்று ஒதுக்குவது தவறு. நம் ஊர்ச் சிறுவர்கள் இரண்டு தலைமுறை கையில் எடுத்த துப்பாக்கி இதுதான். கெடாத ஒன்று கிடைப்பது கெடாத டயானா கிடைப்பதைவிடக் கடினம்.

உள்ளே நடப்பது

விசையை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளும். சிலிண்டரில் இருக்கும் காற்று நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் நசுங்கிச் சூடேறும். பிஸ்டன் கிட்டத்தட்ட முனையைத் தொடும் நேரத்தில்தான் ரவை நகரவே தொடங்கும். நசுங்கிய காற்று ஒரு மெத்தைபோல் பிஸ்டனைத் தாங்குவதால் உலோகம் உலோகத்தில் மோதுவதில்லை. ரவை இல்லாமல் வெறுமனே சுடக்கூடாது என்பது இதனால்தான். அந்த மெத்தை இல்லாதபோது பிஸ்டன் நேராக முனையில் அடித்து வாஷரைக் கிழிக்கும், நாளடைவில் ஸ்பிரிங்கை உடைக்கும்.

கனமான ஸ்பிரிங் போட்டால் வேகம் கூடாமல் போவதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. பிஸ்டன் வேகமாக வந்தால் ரவை நகருமுன்னே அழுத்தம் உச்சத்துக்குப் போய், பிஸ்டன் பின்னால் துள்ளிவிடும். ரவைக்குப் போகவேண்டிய ஆற்றல் அதிர்வாகத் தோளுக்கும் கட்டைக்கும் போகிறது. 0.53 கிராம் ரவைக்கு நல்ல நிலையில் இருக்கும் 'டயானா 27' மாடல், நொடிக்கு 165 மீட்டர் அளவுக்குக் கொடுத்தால் ஆற்றல் 7 ஜூலுக்குச் சற்று மேல். 'டயானா 35' மாடல், நொடிக்கு 195 மீட்டர் கொடுத்தால் 10 ஜூல். அந்த அளவிலேயே 10 மீட்டரில் ஐந்து ரவையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழும். அதே ரவையில் 20 ஜூலைத் தொட நொடிக்கு 275 மீட்டர் வேண்டும். பழைய துப்பாக்கிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதை நோக்கித் தள்ளுவது சட்டத்தையும் பொருளையும் ஒன்றாக உடைக்கிற வேலை.

எண்ணெய் விஷயத்தில் நம் ஊரில் நடக்கும் தவறு தனி ரகம். காற்றுத் துளை வழியாகத் தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விடுவார்கள். நசுங்கும் காற்றின் சூட்டில் அந்த எண்ணெய் ஆவியாகித் தீப்பிடிக்கும். பட்டாசு வெடித்த சத்தம், நீலப்புகை, கருகிய வாடை. "பவர் ஏறிவிட்டது" என்று சந்தோஷப்படுவார்கள். சிலிண்டருக்குள் வெடிப்பு நடந்து பிஸ்டனை எதிர்த்திசையில் உதைத்திருக்கிறது என்பதுதான் உண்மை. வாஷர் கருகி, ஸ்பிரிங் சுருள் உடைவது இதன் அடுத்த கட்டம். புதிதாக எண்ணெய் ஊறிய தோல் வாஷர் முதல் பத்து இருபது ரவைக்கு லேசாகப் புகைவது இயல்பு. வெடிச்சத்தம் மட்டும் வரக்கூடாது.

வாஷர் செய்வது

சில மாடல்களுக்கு வாஷர் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். ஆனால் இதற்கு வேண்டிய பொருள் மதுரையைச் சுற்றியே இருக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதப்படுத்தும் தொழில் தமிழ்நாட்டின் பழைய தொழில். திண்டுக்கல் அதற்குப் பேர்போன ஊர். வாஷருக்கு வேண்டியது அப்படித் தாவரச் சாற்றில் பதப்படுத்திய தோல்தான். குரோமியத்தில் பதப்படுத்தியது நனைத்து அழுத்தினாலும் கிண்ண வடிவத்தில் நிற்காது, காய்ந்ததும் தட்டையாகிவிடும். வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள். சாம்பல்நீலம் ஓடினால் குரோம், உள்வரை மஞ்சள்பழுப்பாக இருந்தால் தாவரப் பதம். ஒரு துணுக்கைக் கொதிநீரில் போட்டால் இன்னும் தெளிவாகும். தாவரப் பதத் தோல் சுருண்டு சிறுத்துவிடும், குரோம் தோல் அசையாது. ஆட்டுத்தோல் மெலிது, ஆகாது. செருப்புத் தைப்பவர்கள் அடித்தோலுக்கு வாங்கும் மாட்டுத்தோலிலோ எருமைத்தோலிலோ 3 மி.மீ. தடிப்புள்ள, சுருக்கமில்லாத முதுகுப் பகுதி வேண்டும். வயிற்றுப் பகுதித் தோல் ஒரு பக்கம் இழுபடும்.

அச்சு இரண்டு பாகம். சிலிண்டரின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து, அதே விட்டத்துக்குத் துளையிட்ட ஒரு தடித்த வட்டு, அதற்குள் இறங்கும் ஒரு குமிழ். கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கமோ புதூர்ப் பக்கமோ லேத் பட்டறையில் அலுமினியத்திலோ நைலான் கம்பியிலோ கடைந்து வாங்கலாம். உள்விட்டம் 25 மி.மீ., தோல் 3 மி.மீ. என்றால் குமிழின் விட்டம் கணக்குப்படி 19. தோல் அமுங்குவதால் 19.5 வைப்பது நல்லது. துளையின் வாயை 3 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடச் சொல்லுங்கள். கூர்மையாக விட்டால் அழுத்தும்போது தோலின் மேல்முகம் வெடிக்கும். பலருக்கு முதல் வாஷர் கெடுவது இங்கேதான்.

தோலை 40 மி.மீ. வட்டமாக வெட்டி, வெதுவெதுப்பான நீரில் குமிழி வருவது நிற்கும்வரை, ஏறக்குறைய அரைமணி நேரம், ஊறவைக்கவேண்டும். கைபொறுக்காத சூடு தோலைக் கெடுத்துவிடும். எடுத்துத் துடைத்து, வட்டின் மேல் வைத்து, குமிழை பெஞ்ச் வைஸில் மெதுவாக அழுத்தி இறக்குங்கள். அச்சோடு நிழலில் இரண்டு நாள். சித்திரை வெயிலில் வைத்தால் விளிம்பு வெடித்துவிடும். காய்ந்ததும் விளிம்பை 6 மி.மீ. உயரத்துக்குப் புது பிளேடால் ஒரே மட்டமாகச் சீவி, நடுத்துளை போட்டு, எண்ணெயில் ஒரு நாள் ஊறவிடவேண்டும். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் இதற்கு மரபு. கிடைக்காதபோது சிலிகான் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், கொடைக்கானலில் காலையில் சுட்டுப் பார்த்தால் தெரியும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து பிசினாகிவிடும், வாஷருக்கு அதைத் தொடவே கூடாது.

பொருத்திய பிறகு பிஸ்டனைச் சிலிண்டருக்குள் விட்டு, காற்றுத் துளையை விரலால் அடைத்து உள்ளே தள்ளுங்கள். கைவிட்டதும் பிஸ்டன் பின்னால் எழும்பினால் வாஷர் சரி. எழும்பாவிட்டால் விளிம்பு சிறுத்துவிட்டது. தள்ளவே முடியாதபடி இறுகினால் விளிம்பின் வெளிப்பக்கத்தை மெல்லிய எமரியில் கொஞ்சம் தேய்க்கலாம்.

பிரித்து மாட்டும்போது

டயானா 27ஐ எடுத்துக்கொள்வோம். ரவை இல்லை, ஸ்பிரிங் ஏற்றப்படவில்லை என்று உறுதி செய்தபின் முன்பக்கத் திருகுகளையும் விசைக்காப்புத் திருகையும் கழற்றினால் கட்டை வந்துவிடும். இதற்கு மேல் வெறுங்கையால் போகக்கூடாது. விசைக்கட்டையைப் பிடித்திருக்கும் குறுக்கு ஊசிகளுக்குப் பின்னால் அமுக்கிய ஸ்பிரிங் இருக்கிறது. தாடையை உடைக்க அது போதும். தச்சர்கள் கதவு இணைக்கப் பயன்படுத்தும் நீளமான சாஷ் கிளாம்ப் இதற்குப் பொருத்தம். இரு முனையிலும் மரத்துண்டு வைத்து, விசைக்கட்டையை ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே அழுத்தி, ஊசிகள் தளர்ந்தபிறகு தட்டி எடுத்து, கிளாம்பைச் சுற்றுச்சுற்றாக விடவேண்டும்.

போருக்குப் பிந்தைய 27, 35 மாடல்களில் பிஸ்டன் தண்டைப் பிடித்திருப்பது மூன்று சிறு எஃகுக் குண்டுகள். பிரிக்கும்போது உருண்டு ஓடும், கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது கெட்டி கிரீஸால் அவற்றை இடத்தில் ஒட்டவைக்கலாம். இரண்டு குண்டோடு மாட்டினாலும் துப்பாக்கி ஏறும். எப்போது தானாக வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

கீல் ஆணியை எடுத்துக் குழலையும் நெம்புத்தண்டையும் (குழலை மடக்கும்போது பிஸ்டனைப் பின்னால் தள்ளும் தண்டு) விடுவித்தால் பிஸ்டன் பின்வழியாக வரும். புது வாஷரை உள்ளே விடுமுன், சிலிண்டரின் அடியில் நெம்புத்தண்டு ஓடும் நீளவெட்டின் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். பல வருடம் உரசி அங்கே பிசிறு கிளம்பியிருக்கும். மெல்லிய சாணைக்கல்லால் அதை நீக்காமல் வாஷரைத் தள்ளினால் இரண்டு நாள் உழைப்பு ஒரு வினாடியில் அறுந்துபோகும். மாலிப்டினம் கிரீஸ் பிஸ்டனின் பக்கவாட்டில் மெல்லிய பூச்சாக மட்டும். வாஷருக்கு முன்னால் எதுவும் கூடாது.

குழல் மூடும் இடத்து அடைப்பைச் சோதிக்க, மூடிய மூட்டின் மேல் ஒரு கீற்று டிஷ்யூ காகிதம் வைத்துச் சுடுங்கள். காகிதம் துள்ளினால் கசிவு. தோல் அடைப்பாக இருந்தால் அடியில் மெல்லிய காகித வளையம் ஒன்று வைத்து அரை மில்லிமீட்டர் உயர்த்துவதே பெரும்பாலும் போதும்.

மடக்கு வகையில் இன்னொரு நோய் உண்டு. குழலை மடக்கி ஸ்பிரிங் ஏறிய நிலையில், மூடுவதற்கு முன் யாராவது விசையை இழுத்துவிட்டால் குழல் சீறி மேலே மூடிக்கொள்ளும். விரல் இடையில் இருந்தால் போய்விடும். குழல், கீலுக்குச் சற்று முன்னால் மேல்நோக்கி வளையும். இலக்கைப் பார்க்கும் பின்பக்கக் குறியை அடிமட்டம்வரை இறக்கியும் ரவை மேலேயே போனால் இந்த விபத்து நடந்திருக்கிறது என்று அர்த்தம். குறியைத் தேய்த்துச் சரிக்கட்டுவது வீண்வேலை. குழலைக் கழற்றி இரண்டு மரக்கட்டைகளுக்கு மேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். சூடு காட்டக்கூடாது. பழைய மாடல்களில் விபத்துத் தடுப்புப் பிடி இல்லை. அதனால் ரவை போடும்போது ஒரு கை குழலை இறுகப் பிடித்தே இருக்கவேண்டும். பலூன் கடையில் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஸ்பிரிங்

பழைய ஸ்பிரிங் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறுகியிருப்பது குறை ஆகாது. சுருள் உடைந்திருந்தாலோ வாழைப்பழம்போல் வளைந்திருந்தாலோ மாற்றலாம். சுற்றித் தரும் பட்டறையில் கம்பியின் தடிமன், வெளிவிட்டம், சுருள் எண்ணிக்கை, தளர்ந்த நீளம் ஆகிய நான்கையும் கொடுக்கவேண்டும். கம்பி, இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 4454 தரத்தில் வரும் ஸ்பிரிங் கம்பியாக இருக்கட்டும். முனைச் சுருள்களை மூடித் தேய்த்துச் சமமாக்கவேண்டும், இல்லையெனில் ஸ்பிரிங் ஒரு பக்கம் சாய்ந்து சிலிண்டரைக் கீறும். சுற்றியபின் 200 முதல் 250 டிகிரி சூட்டில் அரைமணி வைத்து இறுக்கம் தளர்த்துவார்கள். இந்த வேலையைச் செய்யாமலே விட்டுவிடும் பட்டறை உண்டு, கேட்டு உறுதி செய்யுங்கள். பிறகு முழுதாக அமுக்கி ஒரு நாள் விட்டால் அதன் நிலையான நீளம் தெரியும்.

சுருள் எண்ணிக்கையில் பேராசை வேண்டாம். 3 மி.மீ. கம்பியில் 34 சுருள் என்றால் முழுதாக அமுங்கினாலும் 102 மி.மீ. இருக்கும். ஏற்றிய நிலையில் உள்ளே இருக்கும் இடம் 100 மி.மீ.தான் என்றால் துப்பாக்கி ஏறவே ஏறாது. ஓங்கி இழுத்தால் நெம்புத்தண்டு வளையும்.

செய்யத் தகுந்த மாற்றம் ஸ்பிரிங்கில் அல்ல, அதன் உள்ளே நிற்கும் வழிகாட்டிக் குழாயில் இருக்கிறது. ஆலையிலிருந்து வந்த தகட்டுக் குழாய் தளர்வாக இருப்பதால் சுடும்போது 'டொய்ங்' என்று அதிரும். டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக் கம்பியில், ஸ்பிரிங்கின் உள்விட்டத்தைவிட 0.1 முதல் 0.2 மி.மீ. மட்டும் குறைவாகக் கடைந்து போட்டால் அந்த அதிர்வு அடங்கிவிடும். பழைய குழாயைப் பத்திரப்படுத்தினால் எப்போது வேண்டுமானாலும் திருப்பி மாட்டலாம். இந்தப் பொழுதுபோக்கில் இதைவிடப் பலன் தரும் மாற்றம் வேறு இல்லை.

கட்டையும் பூச்சும்

டயானாவின் கட்டை பெரும்பாலும் பீச் மரம், நல்ல பி.எஸ்.ஏ.க்களுக்கு வால்நட். உடைந்ததற்கு மாற்று செதுக்க நம் பக்கத்தில் வாகை ஏற்றது. எடையும் நிறமும் வால்நட்டுக்கு அருகில் வரும். பூவரசும் பிளக்காது. தேக்கில் எண்ணெய்ச் சத்து அதிகம், பூச்சு பிடிக்க நாளாகும். ஈட்டி அழகு, ஆனால் கனம். எந்த மரமானாலும் ஒரு வருடமாவது காய்ந்த பலகையாக இருக்கவேண்டும். ஈரப்பலகையில் செதுக்கினால் ஐப்பசி முடிந்து தை வருவதற்குள் திருகுத் துளைகள் நகர்ந்துவிடும்.

ஆளிவிதை எண்ணெய் கட்டைக்கு நல்ல பூச்சு. தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்கவேண்டும், அல்லது தண்ணீரில் முக்கவேண்டும்.

உலோகத்தில் மேலோட்டமான துருவுக்கு மிக மெல்லிய எஃகுப் பஞ்சும் எண்ணெயும் போதும். நீலக்கருப்புப் பூச்சு தேய்ந்து வெளிறியிருந்தால் அப்படியே விடுவதே உத்தமம். பாலிஷ் பட்டறையில் கொடுத்தால் பஃப் சக்கரம் எழுத்துகளின் விளிம்பையும் தேதி முத்திரையையும் உருக்கிவிடும், பிறகு வரும் நிக்கல் பளபளப்பு பார்க்க மட்டும்தான். தொலைநோக்கி பொருத்தச் சிலிண்டரில் துளையிடுவதும் இதே ரகம். துளையின் பிசிறு உள்ளே வாஷரைக் கிழிக்கும். குழலை அறுத்துக் குட்டையாக்குவதும், ஏர்கன்னை வெடிமருந்து வகைக்கு மாற்றப் பார்ப்பதும் சேகரிப்பில் சேரா. 1959 ஆயுதச் சட்டத்தின் 6ஆவது பிரிவு குழல் அறுப்பையும் மாற்றியமைப்பையும் உரிமமின்றிச் செய்யத் தடை விதிக்கிறது.

கைத்துப்பாக்கிகள்

வெப்ளி அண்ட் ஸ்காட்டின் முதல் ஏர்பிஸ்டல் 1924இல் வந்தது, ஜூனியர் 1929, சீனியர் 1930. குழல் சிலிண்டரின் மேலேயே படுத்திருக்கும், குழலை முன்னால் தூக்கித்தான் ஏற்றவேண்டும். பிஸ்டன் சுடுபவரை நோக்கிப் பின்னால் ஓடுவதால் இதன் துள்ளல் கைக்குப் பழக நாளாகும். பக்கப் பிடிகளின் பேக்லைட் நொறுங்கியிருந்தால் வாகையில் செதுக்கி மாட்டலாம், உடைந்த துண்டுகளை எறியவேண்டாம்.

டயானா மாடல் 6இல் எதிரெதிராக ஓடும் இரண்டு பிஸ்டன்கள் துள்ளலை ரத்து செய்கின்றன. இரண்டையும் பற்சக்கரம் இணைக்கிறது. ஒரு பல் தவறி மாட்டினால் துள்ளல் திரும்பிவிடும், பல்லும் உடையும். அறுபது எழுபதுகளின் இந்த வகைகளில் வாஷர் தோல் அல்ல, ஒருவகை பிளாஸ்டிக். வயதாகி, தொட்டாலே பொடியாகும். ஃபைன்வெர்க்பாவ் 65 என்ற ஜெர்மன் கைத்துப்பாக்கியிலும் இதே கதி. ஓடாத மாடல் 6 மலிவாக வந்தால், புது வாஷர் ஜோடி கையில் இல்லாமல் பிரிக்காதீர்கள். தோலில் வெட்டி ஈடுகட்ட முடியாத இடம் இது.

சுடுவதும் வைப்பதும்

ரவைகளின் எடை ஒரே டப்பாவுக்குள்ளேயே வித்தியாசப்படும். நகைப் பட்டறையில் பயன்படுத்தும் சிறு மின்தராசில் நிறுத்து, 0.01 கிராம் வித்தியாசத்துக்குள் கூறு பிரித்தால் சிதறல் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். ரவை ஈயம். பலூன் கடைக்காரர்கள் வாயில் அதக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் வழக்கம் உடம்புக்குக் கேடு. சுட்டபின் கைகழுவாமல் சாப்பிடவும் கூடாது. இலக்குக்குப் பின்னால் கல்சுவரோ கெட்டிமரமோ இருந்தால் ரவை திரும்பி வரும். தகரப்பெட்டியில் களிமண் அப்பி வைத்தால் ஈயமும் ஒரே இடத்தில் சேரும்.

உயிருள்ளவற்றை நோக்கி இதைத் திருப்பக்கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பது ஒருபுறம். பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிக்காரர்கள் வாழும் பக்கம் இது. அழகர்மலைக் காட்டோரம் ஏர்கன்னோடு நடப்பதே வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டிய காரியம். வீட்டிலிருந்து துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கொண்டுபோகும்போதும் மூடிய உறைக்குள் இருக்கவேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவருக்கு இது ஏர்கன் என்று தெரியாது.

வைப்பதற்கு ஸ்பாஞ்சு உறை கூடாது, அடைமழைக் காலத்தில் ஈரத்தைக் குடித்து உலோகத்தில் விடும். சுவரில் ஒட்டாமல் மரப்படியில் நிறுத்தி, மாதம் ஒருமுறை எண்ணெய்த்துணியால் துடைப்பது போதும், ஐப்பசி கார்த்திகையில் வாரம் ஒருமுறை. கரையான் பீச் மரத்தை விரும்பித் தின்னும். மண்தரையிலோ பழைய மர அலமாரியின் அடித்தட்டிலோ வைக்கவேண்டாம். ஸ்பிரிங் ஏற்றிய நிலையில் ஒருபோதும் வைக்கக்கூடாது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காகித உறை போடுங்கள். தொடர் எண், துளை அளவு, வாங்கிய தேதி, விற்றவர் கையெழுத்திட்ட தாளும் அவரது அடையாளச் சான்றின் நகலும், கடைசியாக அளந்த வேகம். கழற்றிய பழைய வாஷர், ஸ்பிரிங், திருகு, வழிகாட்டிக் குழாய் எல்லாவற்றையும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி அதே உறையோடு கட்டி வைத்து, துப்பாக்கியைக் கைமாற்றும்போது சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.